சும்மா சொன்ன கணிப்பு

மார்ச் 3, செவ்வாய்

காலையில் வழக்கம்போல மூன்று கால்பந்துப் போட்டிகளைக் கணித்துக் குரூப்பில் போட்டேன். மாலைக்குள் இரண்டு ஊற்றிக்கொண்டன. ஒருவரும் திட்டவில்லை. "விடுங்க வாத்தியாரே, நாளைக்குப் பிடிச்சிடலாம்" என்று எனக்கே ஆறுதல். இருபத்தேழு வருடம் பந்தயம் கட்டியவன், எல்லாம் பார்த்தவன் என்று அவ்வளவு நம்பிக்கை. பார்த்தேன்தான். வீடு போனதைப் பார்த்தேன். கட்டியவள் பெட்டியோடு படியிறங்கியதைப் பார்த்தேன். இப்போது நான் கட்டுவதில்லை. என் லிங்க் வழியாகச் சேர்ந்தவர்கள் தோற்றால் பந்தயக் கம்பெனி அந்தப் பணத்தில் எனக்கு ஒரு பங்கு தருகிறது. நான் இலவசமாகக் கணித்துச் சொல்வதன் ரகசியம் இதுதான்.

மார்ச் 6

மூன்றும் ஜெயித்தன. குரூப்பில் ஒரே கொண்டாட்டம். என் பங்கு பூஜ்யம்.

மார்ச் 8, ஞாயிறு

தங்கை வீட்டில் சாப்பாடு. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். பேச்சு குறைவு, வேலை சுத்தம். இன்று ஒரு கை தட்டில், ஒரு கை போனில்.

"எதுல கட்டியிருக்கேன் தெரியுமா மச்சான்? உங்க ரெண்டாவது போட்டிலதான்."

என் லிங்கில் சேர்ந்து நாலு மாதமாம். நிறைய ஜெயித்த பிறகு சொல்லி என்னை அசத்த நினைத்தாராம். திரையில் அவருடைய உறுப்பினர் எண் தெரிந்தது. கம்பெனி எனக்கு அனுப்பும் பட்டியலில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். நாலு மாதமாக அதிகம் தோற்றிருக்கும் எண் அது. போன மாதம் அதைப் பார்த்து, 'எவனோ நல்லா மாட்டியிருக்கான்' என்று சிரித்தேன். தனியாக உட்கார்ந்து, சத்தமாக.

கிளம்பும்போது தங்கை வாசல்வரை வந்தாள். "வீடு வாங்கச் சேர்த்து வச்சதை எடுக்கறாரோன்னு பயமா இருக்குண்ணா. நீ சொன்னா கேப்பாரு."

நான் சொன்னா கேப்பாரு. அதுதானே வினையே.

மார்ச் 10

மாப்பிள்ளை வேலை பார்க்கும் கட்டடத்துக்கே போனேன். மொட்டைமாடியில் மோட்டார் அறை. எஃகுக் கயிற்றை விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஒரு இழை விட்டிருந்தாலும் கைக்குத் தெரிந்துவிடுமாம். இப்படிப்பட்ட மனுஷன் என்னை எப்படி நம்பினார்?

எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் தோற்றால் எனக்குப் பங்கு என்பதையும். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப வேணும்னே தப்பா சொல்றீங்க!"

"இல்ல மாப்ள. எனக்கு ஒண்ணுமே தெரியாது. யாருக்குமே தெரியாது."

"சும்மா இருங்க மச்சான். இனிமே நீங்க சொல்றதுக்கு எதிர்ப்பக்கம் கட்டறேன்."

மார்ச் 11

எதிர்ப்பக்கம் கட்டினார். ஜெயித்தார். கடவுளே, இன்னைக்குத்தானா?

மார்ச் 19

சேர்த்து வைத்தது முழுக்கப் போய்விட்டது. மாப்பிள்ளை இரண்டு நாளாக வேலைக்குப் போகாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாராம். தங்கை போனில் கத்தவில்லை.

"நீ பங்கு வாங்கினியாமே?"

"ஆமாம்மா."

"எங்க பணத்துலயா?"

போனை வைத்துவிட்டாள். என்ன சொல்லியிருக்கணும்? என்னடா சொல்ல முடியும் உன்னால?

மார்ச் 20

குரூப்பில் உள்ளதை எழுதினேன். யாரும் கட்டாதீர்கள், உங்கள் தோல்வியில் பிழைக்கிறவன் நான் என்று. ஐந்து நிமிடத்தில் முந்நூறு சிரிப்புப் பொம்மைகள். "வாத்தியார் பெருசா ஏதோ வச்சிருக்காரு. கூட்டத்தைக் கழிச்சுவிடப் பாக்கறாரு." சாயங்காலத்துக்குள் புதிதாக அறுபது பேர்.

மார்ச் 25

ஐந்து நாளாக எதுவும் போடவில்லை. கெஞ்சுகிறார்கள்.

ஏப்ரல் 2

தங்கையிடமிருந்து செய்தி. பதினான்கு நாளில் இதுதான் முதல். மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்து திறந்தேன்.

"அண்ணா, போனதை மட்டும் எடுத்துட்டா போதும். உன் லிங்க்லயே சேர்ந்துட்டேன். அவருக்குத் தெரிய வேணாம். இன்னைக்கு எது?"

வேண்டாம் என்று எழுதினேன், அழித்தேன். கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நான் சொல்லாவிட்டாலும் எதிலோ கட்டத்தான் போகிறாள்.

மூன்று மணி நேரம் உட்கார்ந்து அணிகளைப் பார்த்தேன். யாருக்குக் காயம், யார் களைத்திருக்கிறார்கள், எந்த மைதானம், காற்று எப்படி. இவ்வளவு கவனமாக எனக்காகக்கூடப் பார்த்ததில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அவளுக்கு மட்டும் அனுப்பினேன்.

நானும் அதிலேயே கட்டினேன். ஆட்டம் நாலு மணிக்கு.