முக்கோணத்து மேல ஒரு கோடு

ஜூன் 9, திங்கள்

விடியவே மழை. கால்ல அட்டை ரெண்டு கடிச்சிருச்சு.

ஆராய்ச்சிக்கு வந்த கேம்பஸ் மிஸ்ஸுக்கு உதவியா மொத நாள். மிஸ்ஸுக்கு ஊர் யாழ்ப்பாணம். தோட்டத்து லய வீடுகள்ல யாருக்கு யார் என்ன சொந்தம்னு வீடு வீடா கேட்டு தாள்ல வரையணும். ஏ.எல் படிப்ப பாதியில விட்டவளுக்கு கெடச்ச வேல.

ஆம்பள - முக்கோணம். பொம்பள - வட்டம். கல்யாணம் - சமன் குறி. செத்தா ஆள் மேல கோடு. பிரிஞ்சா சமன் மேல கோடு. ஒரே அடுப்புல சாப்புடுறவங்க ஒரு வீடு. "வீடு வேற, உறவு வேற"ன்னாங்க மிஸ்.

கோடு வரையிறத மிஸ் "கீறும்"ங்குறாங்க. நமக்கு கீறுனா ரத்தம் வரும்.

பழகுறதுக்கு மொதல்ல எங்க வீடு. அம்மா தேயில கொழுந்தெடுக்க போயிருந்துச்சு.

"அப்பா?"

"இல்ல."

மிஸ் முக்கோணத்து மேல கோடு போட்டாங்க. பேனாவால. பாத்துக்கிட்டே இருந்தேன்.

அப்பா பூண்டுலோயா தோட்டத்துல, இன்னொரு பொம்பளையோட. நாலு வருசமா. வீட்டுல இல்லதானே. பொய்யில்ல. அடுத்த வார்த்தய சொல்லல, அவ்வளவுதான்.

ஜூன் 10

மழை. ஒம்பது வீடு. கடைசி வீட்டு மாமா: "எங்க சொந்தத்துக்கு இந்த தாள் பத்தாது புள்ள. செவுத்துல வரைங்க."

மேரி அக்கா, புருசன் "போயிட்டாரு"ன்னாங்க. மிஸ் பேனாவ தூக்குறாங்க, நான் பாஞ்சு, "சாகல மிஸ், கொழும்புக்கு ஓடிட்டாரு. கோட்ட சமன் மேல போடுங்க." அக்கா சிரிச்சாங்க. "பாரேன், என் புருசன காப்பாத்திட்டா."

அடுத்தவங்க புருசனுக்கு மட்டும் வாய் வருது.

சாயங்காலம் அம்மா மூஞ்சி கழுவி பொட்டு வச்சுச்சு. தாலிய கண்ணுல ஒத்திக்கிச்சு, தெனமும் மாதிரி. தாள்ல நான் அத அறுத்துட்டேன்.

நாளைக்கு மிஸ்கிட்ட சொல்லணும். சவுக்காரம், நெருப்புப்பெட்டி வாங்கணும்.

ஜூன் 11

சொல்லல. நெருப்புப்பெட்டியும் மறந்துட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

நேத்து மிஸ் பூண்டுலோயா தோட்டத்துக்கு கூப்புட்டாங்க. காய்ச்சல்னுட்டேன். தனியா போயிட்டு வந்து இன்னைக்கு ஒரு தாள நீட்டுறாங்க.

"இதில இருக்கிற கௌசி நீர்தானே?"

முக்கோணம். மேல கோடில்ல. கீழ ஒரு வட்டம்: கௌசி, மூத்த மக, எங்க ஊர் வட்டவளை. பக்கத்துல, ஏ.எல் படிக்கிறா.

"அப்பா உம்மைப் பற்றித்தான் கனநேரம் கதைச்சவர்."

படிப்ப விட்டது அவருக்கு தெரியாது. யாரு சொல்றது.

மிஸ் திட்டல. திட்டியிருக்கலாம். எங்க வீட்டு பழைய தாளோட ஒரு புது தாளும் குடுத்தாங்க. "நீரே கீறும்."

வீட்டுல வந்து வரைஞ்சேன். அப்பா, வெறும் முக்கோணம். சமன்ல கோடு போடுறதா, வேணாமா? அம்மாகிட்ட கேட்டேன். "நீயும் அப்பாவும் பிரிஞ்சிட்டீங்களா?"

"யாரு சொன்னா?"

பழைய தாள் பக்கத்துலயே கெடந்துச்சு. எடுத்து பாத்துச்சு.

"இது யாரு?"

"அப்பா."

"மேல என்னடி கோடு?"

சொன்னேன்.

தாலிய சட்டைக்குள்ள தள்ளிக்கிட்டு அடுப்பு ஊத போயிருச்சு.