நிஜ மாத்திரை, டம்மி மாத்திரை

அக்கா,

இன்று காலை சானடோரியம் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். பெண்கள் பெட்டியில் ஒரு பெண் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். கர்ப்பிணியாக இருக்கலாம், ரயில் ஆட்டம் ஒத்துக்கொள்ளாதவளாகவும் இருக்கலாம். தோலை நகத்தால் கீறியிருந்தாள் போலிருக்கிறது, வாசனை என் இருக்கை வரை வந்தது. உடனே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் உங்கள் பையில் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கும். அது உங்களுக்கல்ல, எனக்கு. வாந்தி எடுப்பது நான்தானே.

நாம் இருவரும் பழகுவதற்கு வேறு எந்தக் காரணமும் கிடையாது. நான் இன்சூரன்ஸ் ஆபீசில் ஓய்வுபெற்று சிட்லபாக்கத்தில் இருப்பவள். உங்களுடையது சேலையூர்ப் பக்கத்தில் பழைய குடும்பம், நெல் விளைந்த நிலத்தில் இப்போது கடைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். இருவருக்கும் மார்பில் புற்றுநோய்க் கட்டி, இருவருக்கும் ஒரே ஆஸ்பத்திரி, இருவருமே அங்கே நடந்த புது மருந்து ஆராய்ச்சியில் சேர்ந்தவர்கள். அவ்வளவுதான் உறவு. நீங்கள் தாம்பரத்திலேயே ஏறி, பக்கத்து இருக்கையில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்து வைப்பீர்கள். யாராவது சண்டைக்கு வந்தால், "பேஷண்டு வராங்கோ" என்பீர்கள், நீங்கள் என்னவோ துணைக்கு வந்தவர் மாதிரி.

ஆராய்ச்சி என்ன என்பதை நர்ஸ் பொறுமையாக விளக்கினார். வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் உண்டு. அதோடு தினம் ஒரு மாத்திரை. பாதிப் பேருக்கு அது புது மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில், உள்ளே மருந்தே இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்று நமக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, கம்ப்யூட்டருக்கு மட்டுமே தெரியும் என்றார். "அப்ப கம்ப்யூட்டரு கால்லதான் வுழணும்" என்று நீங்கள் என் காதில் சொல்ல, நான் சிரித்துவிட்டேன். நர்ஸ் முறைத்தார்.

டாக்டருக்கே தெரியாததைக் காத்திருக்கும் கூடத்தில் நம் ஜனங்கள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். வாந்தி வந்தால் நிஜ மாத்திரை, பசி வந்தால் டம்மி. வாய்ப்புண், உள்ளங்கைத் தோல் உரிவது, பேதி என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பு இருந்தது. எனக்கு எல்லாமே இருந்தன, என்னைக் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்த்தார்கள். நீங்கள் கேன்டீன் வடையைக் கடித்துக்கொண்டே, "என்னுது டம்மிதாம்மா. பாரு, வடை இன்னா ஜோரா எறங்குது" என்பீர்கள். இதெல்லாம் வழக்கமான சிகிச்சையினாலும் வரும், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று நர்ஸ் சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்?

பிறகு உங்கள் ஸ்கேனில் லேசாக ஏதோ தெரிகிறது, அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள். அன்று திரும்பும் வழியில் கிண்டி தாண்டும்வரை ஸ்கேன் கவரையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். பாட்டில்கள் ஒரே மாதிரிதான் இருக்கின்றன, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்னுடையதை நீங்களும் உங்களுடையதை நானும் எடுத்துக்கொண்டால் ஆளுக்குப் பாதி மருந்தாவது கிடைக்கும் அல்லவா? ஆபீசில் அத்தனை வருஷம் விதிமுறை பேசியவள், அன்று மனதாரத்தான் சொன்னேன். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

"உன் மருந்த நான் துன்னுட்டு, நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, எந்த மூஞ்சிய வச்சிகினு உன் வூட்டுக்கு வருவேன்?"

அப்படியென்றால் அந்த டம்மியை மட்டும் எதற்கு விடாமல் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கோபமாகவே கேட்டேன். "எடுத்துக்கறேன்னு ஒத்துகினேன். அப்பால நடுவுல இன்னா பேச்சு?" என்றீர்கள். பல்லாவரம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை, சந்தைக்குப் போய் வந்த கூட்டம் கூடைகளோடு ஏறியது. நீங்கள் யாரிடமோ கொத்தமல்லி விலையை விசாரிக்க ஆரம்பித்தீர்கள்.

அடுத்த ஸ்கேனில் நோய் கல்லீரலுக்குப் போயிருந்தது. ஆராய்ச்சியிலிருந்து உங்களை விலக்கி வேறு மருந்து கொடுத்தார்கள், அதுவும் கேட்கவில்லை. ஆடி மாதம் போய்விட்டீர்கள். அதற்கு முந்தின வாரம் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். என் கையைத் தடவிப் பார்த்தீர்கள். "தோலு உரியறது நின்னுச்சா? நல்லாக் கீது. உனக்கு நிஜம் வந்துச்சே, அது போதும்" என்றீர்கள். காபி ஆறிப்போகிறது என்று உங்கள் மகள் சொன்னதும் எடுத்துக் குடித்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஸ்கேனும் எனக்குச் சுத்தமாக வந்தது. ஒவ்வொரு முறையும் எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் உங்கள் முகம்தான் வந்தது. நிஜம் என் பக்கம் விழுந்ததால் டம்மி உங்கள் பக்கம் போயிற்று என்றே நம்பியிருந்தேன்.

போன மாதம் ஆராய்ச்சி முடிந்தது. இனி யாருக்கு எது என்று சொல்லலாமாம். டாக்டர் திரையைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார், என்னுடையது மருந்தில்லாத மாத்திரை. அத்தனை வாந்தியும் வழக்கமான சிகிச்சையின் வேலை. புது மருந்து சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை, ஏன் என்று இன்னும் தேட வேண்டும் என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

உங்கள் மகளும் ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறாள். நேற்று எனக்குப் போன் செய்து, உங்களுக்கு வந்ததுதான் நிஜ மாத்திரை என்று சொன்னாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா கடைசி வரைக்கும் தன்னோடது டம்மின்னுதான நெனச்சாங்க, ஆன்ட்டி?"

ஆமாம் என்றேன். மாற்றிச் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை.

இனி யாரிடமும் கோபப்படவோ யாருக்கும் நன்றி சொல்லவோ எனக்கு வழியில்லை. நான் பிழைத்ததற்கு என்ன காரணம் என்று டாக்டருக்கும் தெரியாது. யாராவது இப்படி ஓர் ஆராய்ச்சியில் சேரலாமா என்று கேட்டால், சேருங்கள், பக்கத்து நாற்காலியோடு மட்டும் உங்களை ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள் என்கிறேன்.

ஆனால் அக்கா, ஒன்று மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. நிஜம் என்று நினைத்துத்தான் நான் தினமும் விழுங்கினேன், ஆசையில் யாரும் அதைச் செய்வார்கள். உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். விளக்கு வைத்ததும் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு உள்ளே போவீர்கள். உள்ளே ஒன்றுமே இல்லை என்று நினைத்த மாத்திரையை, எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்ன ஒரு வார்த்தைக்காக விழுங்கிவிட்டு, புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவீர்கள். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.