மஞ்சளைப் பற்றி ஐந்து வரி

ஜனவரி 20, 2025
நேற்று எழுதியதை இன்று படித்துப் பார்த்தேன். புரிகிறது! எழுபத்தொரு வயதில் எழுதப் படிக்கக் கற்று, என் கையெழுத்து எனக்கே புரிகிறது. நாளை நம் காட்டில் மஞ்சள் வெட்டு.

ஜனவரி 24
சேலம் போனோம். போன வாரம் குழாய் விட்டுப் பார்த்ததில் என் மனைவி சென்னியம்மாளுக்கு வயிற்றில் புண், சுற்றிலும் அழற்சி. டாக்டர் பிரவீனா சொன்னார்: “எடுத்த சதையில புற்று இல்லைங்கய்யா. ஆனா வருசக்கணக்கா ஆறாம கிடந்தா அப்படி மாறலாம். மாத்திரை தர்றேன். எட்டு வாரம் கழிச்சுப் பாக்கலாம்.”

ஜனவரி 28
பேப்பரில் மஞ்சளைப் பற்றிக் கட்டுரை! அதில் குர்குமின் என்று ஒரு பொருள் இருக்கிறதாம். புற்றுக்கு வழிவிடும் அழற்சியைக்கூடக் குறைக்கலாமாம். ஒரு நாளைக்கு ஐந்து வரிதான் என்னால் படிக்க முடியும். போதாதா? நாற்பது வருடமாக மருந்தையா மூட்டை கட்டி நாமகிரிப்பேட்டை மண்டிக்கு அனுப்பினேன்? பழைய விரலி மஞ்சளில் நல்லதாகப் பொறுக்கி இடித்தேன். அவளுக்கு வேளைக்கு ஒரு கரண்டி, மோரில்.

ஜனவரி 30
இரண்டு கரண்டியாக்கினேன். “ஏனுங்க, என்னையும் மஞ்சளாட்டம் வேக வெச்சுக் காயப்போட்டு மண்டிக்கு அனுப்பப் போறீங்களா?” என்கிறாள். சிரித்தோம்.

பிப்ரவரி 2
“வயிறு காந்துதுங்க.” சோறு வேண்டாம் என்கிறாள். மாத்திரை சேரவில்லையோ?

பிப்ரவரி 3
கட்டுரையின் கடைசி ஐந்து வரி. எல்லாம் சோதனைக்கூடத்தில் கண்டது. மனிதரிடம் இன்னும் உறுதியாகவில்லை. அளவு மீறினால் வயிற்றைக் கெடுக்கும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான்— அட கிறுக்கா. பேப்பர்காரன் இத மொதல்லயே போட்டா என்ன? இல்ல, மொத்தமும் படிக்காம நான் ஏன் இடிச்சேன்? எனக்குன்னு ஊட்டுல இருக்கறது ஒரே உசுரு.

பிப்ரவரி 4
டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “இப்பவாவது வந்தீங்களே. குழம்புல போடற மஞ்சள் போதுங்கய்யா” என்றார். வெளியே வந்ததும் சென்னியம்மாள், “அஞ்சு வரிக்கே இந்தப் பாடு. முழுப் பொஸ்தகம் படிச்சிருந்தா நான் போய்ச் சேந்திருப்பேன்” என்றாள்.

மார்ச் 21
மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் ஆறிவிட்டது. அழற்சியும் அடங்கிவிட்டது. “மாத்திரை நல்லா வேலை செஞ்சிருக்கு” என்றார் டாக்டர். மஞ்சளுக்குக் கொஞ்சமாவது பங்கு உண்டா என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மார்ச் 23
கத்தரிக்காய்க் குழம்பு. சென்னியம்மாள் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டாள். பிறகு நோட்டைப் பார்த்து, “மூணாவது வாட்டி போட்டத எழுதிப்போடாதீங்க” என்றாள். எழுதிவிட்டேன்.