வெயிலில் வைத்த புளியம்பலகை

என் ஆசை நைனாவுக்கு,

எதிரே நின்று பேசிய நாளெல்லாம் உன்னை 'நீ' என்றுதான் சொன்னேன். பேனாவை எடுத்தால் 'தாங்கள்' வந்து நிற்கிறது. கல்லூரிப் பழக்கம். அடித்துவிட்டு, நீ என்றே எழுதுகிறேன்.

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. காலையில் லஸ் முனையில் டிராம் ஏறுகிறேன், சாயங்காலம் திரும்புகிறேன். போன வாரம் நம் ரேஷன் கார்டு, ரேஷன் ஆபீசில் என் மேஜைக்கே வந்தது. உன் பெயரை நானே கோடு போட்டு அடித்தேன். மையை ஒற்றிவிட்டு அடுத்த கார்டை எடுத்தேன்.

உனக்குச் சொல்ல வேண்டியது வேறு. உன் பலகையை நான் கெடுத்துவிட்டேன்.

இதைப் படிக்கப் போகிற மற்றவர்களுக்கு அந்தப் பலகையைத் தெரியாது. அடையாற்றில் ஒரு துரை பங்களாவில் நீ சமையல்காரன்; நின்றபடியே பலகையில் நறுக்கிப் பழகியவன். அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து முழங்கால் மடங்காமல் போனது. அரிவாள்மனை முன் அவளால் உட்கார முடியவில்லை. நீ கறிக்கடை பாயிடம் சொல்லி ஒரு புளியம்பலகை வாங்கினாய். இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டி, அவள் கையில் கத்தியைக் கொடுத்தாய். "துரைசாணி நின்னுக்கினு சமைக்கிறா" என்று தெருவில் சிரித்தார்கள். அவள் ஏழு வருஷம் நின்றுகொண்டே சமைத்தாள். அதனால்தான் என்னால் படிக்க முடிந்தது, வேலைக்குப் போக முடிந்தது.

பங்களாவில் சலவைக்கல் மேடை இருந்தும் நீ அதில் நறுக்கமாட்டாய். கல்லில் பட்டால் கூர் மழுங்கும், மரமானால் கத்தியை வாங்கிக்கொள்ளும் என்று அம்மாவிடம் சொல்வாய். அடியில் ஈரத்துணி விரித்தால் பலகை நகராது என்பாய். இதெல்லாம் என் காதில் விழுந்தது. புத்தகத்தை விட்டுத் தலை நிமிர்ந்திருந்தால் மற்றதும் தெரிந்திருக்கும்.

கருமாதி முடிந்த மறுநாள் தீட்டுக் கழிக்க வீட்டைக் கழுவினோம். பாத்திரம், பாய், துணி எல்லாம் மஞ்சள் தண்ணீரில். உன் பலகையையும் அண்டாவில் அமுக்கினேன். மத்தியானம் வரை ஊறியது. பிறகு நன்றாகக் காயட்டும் என்று மொட்டை மாடி வெயிலில் சாய்த்து வைத்தேன். இரண்டாம் நாள் டப்பென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் ஓரத்திலிருந்து நடுவரை வாய் பிளந்திருந்தது.

அம்மா பார்த்தாள். "அவரோட அதுவும் போச்சு, வுடு" என்றாள். அதற்குப் பிறகு சமையலறைப் பக்கமே வரவில்லை. சுவரைப் பார்த்துக் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

காரியத்துக்கு வந்து தங்கிவிட்ட அத்தைக்கு வழி சுலபமாகத் தெரிந்தது. "ஆபீசுக்கு எழுதிக் குடுத்துட்டு அருவாமனைல குந்துடி. அவளால இனிமே ஆவாது" என்றாள். ராஜினாமாக் கடிதத்தை மனசுக்குள் எழுதிப் பார்த்தேன். பிழையில்லாமல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பலகையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். எல்லோரும் போகட்டும் என்று ஓரமாக நின்றேன். அவரே கூப்பிட்டார்.

"இன்னாம்மா, கறியா?"

"மாணிக்கம் பொண்ணு. இது பொளந்துடுச்சு."

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி முகர்ந்தார். "இன்னா மஞ்ச வாசனை? பலகைக்குக் கல்யாணமா?"

"தீட்டுன்னு ஊறப் போட்டேன். அப்பறம் வெயில்ல..."

"பி.ஏ. பாஸு. உன் நைனா வாரத்துக்கு ஒருவாட்டி வந்து சொல்லிட்டுப் போவாரு." தன் கறிக்கட்டையைத் தட்டினார். "இருபது வருசமா கீது. ஒரு நாள் குளிச்சதில்ல. சாயங்காலம் சுரண்டி, உப்புப் போட்டுத் தேய்ச்சு, துணியால துடைச்சு மூடிடுவேன். அவ்ளோதான்."

"ஒட்ட வச்சுடலாமா பாய்?"

"வேணாம். இடுக்குல அழுக்குத் தங்கும், புழு வைக்கும். பொளந்த வழியாவே முழுசா அறுத்துடு. ரெண்டா வச்சுக்க."

பக்கத்துப் பட்டறையில் ஆசாரி அறுத்து, ஓரத்தை இழைத்துக் கொடுத்தார். பாய் சொன்னபடியே செய்தேன். உப்பும் எலுமிச்சை மூடியும் வைத்துத் தேய்த்தேன். காற்றோட்டமான நிழலில், தரையில் படுக்கப் போடாமல், நிமிர்த்தி மூன்று நாள் வைத்தேன். பிறகு தேங்காயெண்ணெயை லேசாகச் சூடு பண்ணித் தடவினேன். மரம் குடித்தது. மறுபடி தடவினேன். நல்லெண்ணெய் ஆகாதாம், பிசுக்குப் பிடிக்குமாம்.

இன்று காலை இரண்டையும் மேடையில் வைத்துவிட்டு, நான் அரிவாள்மனையில் பூசணிக்காயோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அவரு பலகைய அறுத்தா வச்சிருக்க?"

"ஆமாம்மா."

இரண்டையும் தடவிப் பார்த்தாள். "வெங்காயம் எதுல?"

நான் அதை யோசிக்கவே இல்லை. சின்னதைக் காட்டினேன்.

"சின்னதுல உருண்டு கீழ ஓடும். சின்னது இஞ்சி, கொத்துமல்லிக்கு." பெரியதை இழுத்து ஈரத்துணிமேல் வைத்தாள். அத்தை வாசலிலிருந்து ஏதோ சொன்னாள். அம்மா திரும்பாமலே, "அவ இன்னாத்துக்கு இங்க குந்தினு கீறா? பூசணிக்காய இப்புடிக் குடுடி. ஆபீசுக்கு நேரமாவுது பாரு" என்றாள்.

எழுந்து கொடுத்தேன். மத்தியானம் ஆபீசில் திறந்தால், டிபன் டப்பாவில் பூசணிக் கூட்டு இருந்தது. சாப்பிட்டேன். ருசி ஒன்றும் தெரியவில்லை நைனா. ஆனால் மீதி வைக்கவில்லை. இது சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

நறுக்குவது அம்மா. துடைத்து, நிழலில் நிமிர்த்தி, மாதம் ஒருமுறை எண்ணெய் போடுவது நான். இதை மட்டும் தவறாமல் செய்வேன்.

உன் ஒரே பெண்,
தனம்