சகிப்பு எல்லை

மார்ச் 3

அன்புள்ள மனைவிக்கு,

இங்கு நலம். உன் நலம் கேட்கவில்லை. உன் அண்ணன் வீட்டில் உன்னை எதிர்த்துப் பேச ஆளில்லை, ஆகவே நலமாகத்தான் இருப்பாய். போனில் பேசினால் குரல் உயர்கிறது என்றாய். அதனால் கடிதம்.

கருத்தரங்கில் நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். அதற்காக வீட்டை விட்டுப் போன முதல் கணிதப் பேராசிரியை நீதான். நம் கட்டுரை மாத இறுதிக்குள் இதழுக்குப் போக வேண்டும். இருவர் பெயரும் இருக்கிறது. மீதிக் கோபத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்.

கணவன்

மார்ச் 7

மதிப்பிற்குரிய கணவருக்கு,

அந்த வாக்கியத்தை நினைவூட்டுகிறேன். சமூக வலைத்தளத்தில் கருத்து எப்படிப் பரவுகிறது என்று நாம் போட்ட கணக்கில் ஓர் எண் உண்டு. ஒருவர் தன்னிடமிருந்து எவ்வளவு தள்ளிநிற்கும் கருத்தைக் காதுகொடுத்துக் கேட்பார் என்பது அது. சகிப்பு எல்லை என்று பெயர் வைத்தது நான். கணக்கெடுப்பில் அது சிறியதாக வந்தது. அதை வைத்துக் கணினியில் ஓட்டியபோது திரையில் ஜனங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். நீங்கள் என்னிடம் சொல்லாமல் எண்ணை இரட்டிப்பாக்கினீர்கள். எல்லோரும் ஒத்துப்போய்விட்டார்கள்.

கருத்தரங்கில் எழுந்து காரணம் கேட்டேன். “அத வீட்ல பேசிக்கலாம்மா” என்றீர்கள். அரங்கமே சிரித்தது. உங்கள் திரையில்கூட ஜனங்கள் அவ்வளவு வேகமாக ஒன்றுசேரவில்லை.

பழைய எண்ணை வையுங்கள். அதே அரங்கில் அதைச் சொல்லுங்கள். வருகிறேன்.

மனைவி

மார்ச் 11

அன்புள்ள பிடிவாதத்துக்கு,

எண் மாறாது. மனிதர்கள் உன் குடும்பத்தாரைப் போலத்தான் இருப்பார்கள் என்று நம்ப எனக்கு விருப்பமில்லை.

கட்டுரையின் நான்காம் பகுதியை இன்னொரு முறை படி. எவ்வளவு தூரத்தில் நிற்பவரையும், இடையில் சரியான ஆட்களை நிறுத்தினால், படிப்படியாக அருகே கொண்டுவந்துவிடலாம். உன் தோழி உன்னைப் பார்க்க வரப்போவதாகக் கேள்வி. நல்லது. நாலு பேரிடம் பேசினால் மனசு லேசாகும்.

கணவன்

மார்ச் 24

உங்களுக்கு,

தோழி வந்தாள். “மனுஷனா அவன்?” என்று ஆரம்பித்து, நான் மறந்துபோன குற்றங்களையும் சேர்த்துத் திட்டினாள். நிம்மதியாக இருந்தது. அடுத்து உங்கள் அக்கா. நீங்கள் செய்தது தப்புதான், ஆனால் வாய்தான் மோசம், மனசு அப்படியில்லை என்றார். பிறகு நம் துறைத்தலைவர், தப்பு இரண்டு பக்கமும் இருக்கலாம் என்பதைத் தேநீர் ஆறும்வரை விளக்கினார். அதுவரை வாய் திறக்காத என் அண்ணி, கடைசியில், நீங்கள் பாவம், இளைத்துவிட்டீர்கள் என்றாள்.

ஒவ்வொருவரும் முந்தையவரைவிடக் கொஞ்சம் குறைவாகத் திட்டினார்கள். நான் கவனிக்கவில்லை. இதையே பாடமாக நடத்துகிறவள் நான். எண் எப்படியிருந்தால்தான் என்ன என்றுகூடத் தோன்றிவிட்டது. நேற்றுக் காலை பெட்டியைக் கட்டினேன்.

வாசல்வரை வந்த அண்ணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “நான் கடைசியாத்தான் பேசணும்னு உன் வீட்டுக்காரரு முதல்லயே சொல்லிட்டாருடி. முன்னாடியே பேசினா காரியம் கெட்டுடுமாம்.”

துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கிவிட்டேன்.

உங்கள் நான்காம் பகுதி சரி. பாராட்டுகள். இந்தச் சோதனையையும் கட்டுரையில் சேர்க்கக் கை துறுதுறுக்கும். எழுதியவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள், நான் சோதிக்கப்பட்டவள். சோதிக்கப்பட்டவரின் சம்மதம் எழுத்தில் இல்லாமல் எந்த இதழும் வாங்காது.

சம்மதம் இல்லை.