மேம்பாலமும் அரை மீசையும்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் சலூனைத் திறக்கப் போனால் சுவரில் சிவப்புப் பெயின்ட் கோடு. விடிவதற்குள் சர்வேக்காரர்கள் வந்து போய்விட்டார்கள். பக்கத்தில் சாவி செய்கிறவர் தன் கடை வாசலில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அண்ணே, மேம்பாலம் வருதாம். கோட்டுக்கு இந்தப் பக்கம் எல்லாத்தையும் இடிச்சிடுவாங்க" என்றார்.

கோடு என் கடையின் குறுக்கே போகிறது. கண்ணாடி தப்பிக்கிறது, அதற்கு முன்னால் இருக்கிற நாற்காலி சாலைக்குப் போகிறது. இனி வாடிக்கையாளர் நடுரோட்டில் உட்கார, நான் உள்ளே நின்று கையை நீட்டி முடி வெட்ட வேண்டியதுதான்.

இந்த ஆட்சிக்கு ஓட்டுப் போட்டவன் நான். சும்மா போட்டேனா, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் வளர்ச்சி வேண்டும், வளர்ச்சி வேண்டும் என்று தொண்டை கிழியப் பேசினேன். வந்துவிட்டது வளர்ச்சி, விலாசம் விசாரித்துக்கொண்டு நேராக என் கடைக்கே.

வீட்டில் சொன்னேன். "உங்க ஆளுங்கதானே, போய்க் கேளுங்க" என்றாள் என் வீட்டுக்காரி. இவள் ஓட்டு எப்போதும் எதிர்க்கட்சிக்கு. வீட்டிலும் அதே கட்சிதான்.

மார்ச் 7, சனி

சனிக்கிழமை என்றால் 'மைக்' வருவார். ஆளுங்கட்சியின் பகுதிச் செயலாளர். ஒலிபெருக்கி பழுதானாலும் கடைசி வரிசை வரை கேட்கும் குரல், அதனால் அந்தப் பெயர். குரலுக்கு ஏற்ற மீசை. சுவரொட்டியில் முகத்தைத் தேட வேண்டும், மீசையைத் தேட வேண்டாம். அதை வாராவாரம் ஒழுங்கு செய்கிற பொறுப்பு என்னுடையது.

"தலைவரே, கோடு என் நாற்காலி மேலயே போகுதே. கொஞ்சம் மேல சொல்லிப் பாருங்களேன்" என்றேன்.

"என்னப்பா நீ, நம்ம ஆளு நீயே இப்படிப் பேசலாமா? நாட்டுக்காக ஒரு நாற்காலிய விட்டுக்கொடுக்கக் கூடாதா?"

உங்கள் கட்சியில் யாராவது விட்டுக்கொடுத்திருக்கிறார்களா என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் ஒருவர் கழுத்தில் கத்தி வைத்திருக்கும்போது நான் அரசியல் பேசுவதில்லை. அன்று முதல் இன்று வரை அது என் தொழில் தர்மம். மீசையைச் சீவிவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

நோட்டீஸ் வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

மார்ச் 14, சனி

வேறு இடம் தேடிக் கால் ஓய்ந்துவிட்டது. பெரிய கடைத்தெருவில் குளிரூட்டப்பட்ட சலூன் ஒன்றில் வேலை கேட்டேன். அங்கே இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "சார், இங்க எல்லாருமே சின்னப் பசங்க, உங்களுக்குச் சரிப்பட்டு வருமா?" என்றாள்.

சரிப்பட்டு வராதும்மா. எனக்கே தெரியுது. இந்த வயசுல எவன்கிட்ட போய்க் கைகட்டி நிக்கிறது? என் கடை, என் கத்தரி, என் டிவின்னு இருந்துட்டேன். வேற என்ன தெரியும் எனக்கு? — பயமாக இருக்கிறது. இவளிடம் சொல்லவில்லை. இவளுக்குத் தெரியும் என்று தோன்றுகிறது. இரண்டு நாளாகக் கட்சியைப் பற்றிக் குத்திக் காட்டவில்லை.

மார்ச் 18, புதன்

இன்றைய செய்தி: கூட்டணியில் இருந்த சின்னக் கட்சி ஆதரவை விலக்கிக்கொண்டது. காரணம் கொள்கை வேறுபாடாம். விசாரித்தால், மேம்பாலத்தின் அடிக்கல் விழாவில் அந்தக் கட்சித் தலைவருக்கு முன்வரிசையில் நாற்காலி போடவில்லையாம். என் நாற்காலியைப் பிடுங்கிக் கட்டுகிற பாலத்துக்குத் தனக்கு நாற்காலி இல்லையென்று ஒருவர் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்க்கிறார். நன்றாக இருக்கட்டும்.

மார்ச் 22, ஞாயிறு

கவிழ்ந்தேவிட்டது.

தொலைக்காட்சியில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். தொகுப்பாளர், "முடிவை மக்களிடமே விட்டுவிடுவோம்" என்றார். நான் அணைத்துவிட முடிவு செய்தேன்.

ஓட்டுப் போட்டவன், வருத்தப்பட வேண்டும். வருத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அடுப்படியில் இவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 28, சனி

இன்று நடந்ததை எப்படி எழுதுவது.

மைக் வந்து உட்கார்ந்தார். ஆட்சி போன சோகத்தில் வாயே திறக்கவில்லை. சவரம் முடித்து மீசைக்கு வந்தேன். சுவரில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. சின்னக் கட்சியைச் சேர்த்துக்கொண்டு எதிர்க்கட்சி அமைத்த புது ஆட்சியின் அமைச்சர் பேசினார். இந்த மனிதரைப் போலப் பேசிக்காட்டி இத்தனை வருஷமாகக் கடையையே சிரிக்க வைத்தவன் நான். அவர் சொன்னார்: முந்தைய ஆட்சியின் மேம்பாலத் திட்டம் ரத்து.

எங்கள் மேல் இரக்கப்பட்டா சொன்னார்? போனவர்களின் பெயர் பொறித்த கல் அங்கே நிற்கக் கூடாது, அவ்வளவுதான். இருக்கட்டுமே. எந்தக் காரணமாக இருந்தால் எனக்கென்ன. கடை நிற்கிறது. என் கடை நிற்கிறது. கண் கலங்கிவிட்டது, கையும் ஆடிவிட்டது. ட்ரிம்மர் கையில் இருக்கிற நினைப்பே இல்லை.

"அண்ணே, தப்பிச்சோம்" என்று சாவிக்காரர் ஓடி வந்தார். நாற்காலியில் இருந்தவரைப் பார்த்ததும் அப்படியே பின்பக்கமாகவே நடந்து போய்விட்டார்.

மைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். ஒரு பக்கம் மீசை, ஒரு பக்கம் மைதானம். எனக்கு உயிரே போய்விட்டது. கடை தப்பித்தது, நான் தப்ப மாட்டேன் என்று நினைத்தேன்.

"மறுபாதியையும் எடுத்துடு" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே காதைத் தீட்டிக்கொண்டதால்தான் கேட்டது. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு போனார்.

மார்ச் 30, திங்கள்

செய்தியில் மைக். 'ஆட்சி கவிழ்ந்த வேதனையில் மீசையைத் துறந்த தொண்டர்.' அரைமணி நேர விவாதம் வேறு. இது தியாகமா, தற்காலிக உணர்ச்சியா என்று ஒரு பேராசிரியர் விளக்கினார். உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர்தான், அதில் ஒருவர் சாவிக்காரர், அவர் முந்தாநாளிலிருந்து, சிரித்துவிடுவோமோ என்று எனக்கு முன்னால் வரவே கூச்சப்படுகிறார்.

மாலையில் மைக்கின் கட்சிக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். "எங்களுக்கும் எடுத்துடுங்க, தலைவர் வழியில" என்றார்கள். எடுத்துவிட்டேன். இனி நான் பார்க்கிற எந்தச் செய்தியை நம்புவது?

இவளிடம் நடந்ததைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்து தண்ணீர் குடித்தாள். "அடுத்த தேர்தல்ல யாருக்குப் போடுவீங்க?" என்றாள். யோசிக்க வேண்டும் என்றேன். "வாழ்க்கையிலேயே முதல் தடவையா இப்படிச் சொல்றீங்க" என்றாள்.

ஏப்ரல் 4, சனி

வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். நான் வாயெடுப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார். முடி வெட்டிக்கொண்டிருந்தவர் முடித்துப் போகும் வரை செய்தித்தாளைப் புரட்டினார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மன்னிச்சிடுங்க தலைவரே, அன்னைக்கு..."

"விடுப்பா. அந்தக் கோடு எங்க போச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"என் கடைக்கு நடுவுல."

"அதுக்கப்புறம்? நேரா போய் எங்க வீட்டுப் படுக்கையறைக்கு நடுவுல. அப்பா கட்டின வீடு."

கையில் எடுத்த கத்தியைக் கீழே வைத்தேன். "ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே."

"யார்கிட்ட சொல்ல? பாலம் வேணும்னு மேடை மேடையா கத்தினவன் நான்தானே. வீட்டுக்காரி என்கிட்ட பேசியே ஒரு மாசம் ஆச்சு. அன்னைக்கு ரத்துன்னு கேட்டதும் நானே துள்ளிட்டேன்பா. உன் கை ஆடினதா, என் தலை ஆடினதான்னு எனக்கு இன்னும் தெரியல."

இரண்டு பேரும் சிரித்தோம். மீசை இல்லாத முகத்தில் அவர் சிரிப்பை இன்றுதான் முழுசாகப் பார்க்கிறேன், நல்ல சிரிப்பு. சவரம் முடிந்தது. கதவைத் திறக்கும் முன் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்து, முகத்தைப் பழையபடி சோகமாக வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.