எக்ஸுக்குப் பேர் கிடையாது

26 ஜூன் 1961, திங்கள்
அனல். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் நின்றே பயணம். மகள் சரோஜாவை (இனி ச.) தெப்பக்குளம் பக்கத்து டுடோரியலில் சேர்த்தாயிற்று. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கு மட்டும் போச்சு. பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்குக் கூப்பிட்டாலே கை நடுங்குமாம், எனக்கே இப்போதுதான் தெரியும். செப்டம்பரில் மறுபடி எழுத வேண்டும்.

வீட்டில் இவர் போட்ட கண்டிஷன்: "இதுலயும் போச்சுன்னா லால்குடிக்காரங்களுக்கு சரின்னு சொல்லிடுவேன்." மாப்பிள்ளை வீடு. ச.வோ டீச்சர் டிரெயினிங் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

இரண்டாவது கண்டிஷன்: வகுப்பு முழுக்கப் பையன்கள், அதனால் துணைக்கு நானும் போக வேண்டும். கடைசி பெஞ்சு. முதுகு போச்சு.

வாங்க: உளுந்து, கிராஃப் தாள், தைலம்.

11 ஜூலை, செவ்வாய்
தூறல். சூசை சார் அல்ஜீப்ரா. நல்ல மனுஷர், திட்டுவதில்லை, சாக்பீஸை மட்டும் உடைக்கிறார். எனக்குப் புரிந்துவிட்டது. ச.வுக்குப் புரியவில்லை. இது என்ன கூத்து.

வீட்டில் குழம்பு கொதிக்கும்போது அழுதாள். "பேரே தெரியாத ஒண்ணை வச்சுக்கிட்டு எப்படிம்மா கணக்குப் போடறது?"

"பேர் சொல்லாமலே உங்கப்பாவைப் பதினெட்டு வருஷமாக் கட்டி மேய்க்கலையா நான்? எக்ஸுன்னா அவருன்னு வச்சுக்க. கடைசில யாருன்னு தானே தெரிஞ்சுடும்."

சிரித்தாள். எட்டு கணக்கு போட்டாள். ஏழு சரி. குழம்பு அடி பிடித்தது.

3 ஆகஸ்ட், வியாழன்
ஆடிப்பெருக்கு. பாலத்தில் கூட்டம், பஸ் நகரவில்லை. வகுப்பில் டெஸ்ட். சும்மா இருப்பானேன் என்று நானும் எழுதினேன். ச. 52. நான் 81. சார் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

ச. பிடிவாதம்: "நீயும் எழுதும்மா. இல்லேன்னா நான் ஹாலுக்குள்ளயே போமாட்டேன்." வீட்டில் போடுகிறாள், அங்கே போனால் நடுக்கம் வந்துவிடும் என்று பயம். எனக்கு இங்கிலீஷில் முட்டைதான் கிடைக்கும், அதனால் என்ன. சரி என்றேன்.

பரீட்சைக்கான பாரத்தை சூசை சார்தான் நிரப்பினார். "வீட்டுக்காரர் பேர் சொல்லுங்கம்மா."

எப்படிச் சொல்வது. "பெருமாள் பேருதான் சார்" என்றேன். எழுதிக்கொண்டார். ச. வெளியே தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள்.

இவரிடம் நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

6 செப்டம்பர், புதன்
நேரம் பார்ப்பதற்குள் தபால்காரர் வந்துவிட்டார். ஹால் டிக்கெட் இரண்டு. இவர் கையில்.

என் பேர் சரி. கணவர் பெயர்: பெருமாள்.

"யாரு இந்தப் பெருமாள்?"

சொன்னேன். கேட்டுவிட்டுத் தன் பேரை மூன்று தடவை எழுத்தெழுத்தாகச் சொன்னார், ஒண்ணாங்கிளாஸ் வாத்தியார் மாதிரி. நான் பரீட்சை எழுதுவது பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெருமாள் பற்றி மட்டும் ராத்திரி சாப்பாடு வரை.

சார் சொல்கிறார், ஹாலில் நானே வாயால் சொன்னால்தான் திருத்துவார்களாம்.

20 செப்டம்பர், புதன்
மேகமூட்டம். கணக்குப் பரீட்சை. ஹாலில் ச. எனக்குப் பின் பெஞ்சு. திரும்பிப் பார்த்தேன், அவள் பேனா நடுங்கியது. முகம் வெளுத்து.

சூப்பர்வைசர் அம்மாள் என்னிடம் வந்தார். "பேர் தப்புன்னு உங்க சார் எழுதிக் கொடுத்திருக்கார். வீட்டுக்காரர் பேர் என்ன?"

குனிந்துகொண்டேன். அந்த அம்மாள் விடவில்லை. "ம், சொல்லுங்க. இல்லேன்னா எழுந்து வெளில போங்க."

நான் வெளியே போனால் அவளும் எழுந்துவிடுவாள். லால்குடிதான்.

"ரங்கநாதன்."

ஹால் முழுக்கக் கேட்டது. பின்னால் ச. களுக்கென்று சிரித்தாள், அடக்க முடியாமல் பெஞ்சு குலுங்கியது. அப்புறம் பேனா சத்தம். நிற்கவே இல்லை.

வாசலில் இவர், கையில் சோடா பாட்டில்.

"பத்து கணக்கும் போட்டேன்ப்பா. அம்மா உங்க பேரைச் சொல்லிட்டாங்க."

சோடாவை அவளிடம் நீட்டினார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"சத்தமாவா?"